விரிதாளில் வரைபடம் போடக் கற்பது: மஞ்சள் விலைப் பட்டியலை வைத்து எங்கிருந்து தொடங்குவது?

கவுந்தப்பாடி மஞ்சள்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சள் பயிரிடுகிறவர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து விற்பனைக்குப் போகிறோம். குழுவின் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் எங்கள் மூட்டைகள் ஏலம் போன விலையை நோட்டில் எழுதி வைத்திருந்தோம். அதை இப்போது எக்செல் விரிதாளில் ஏற்றியிருக்கிறேன். ஆண்டு, விரலி (விரல் போல நீண்ட மஞ்சள்) விலை, கிழங்கு (உருண்டை மஞ்சள்) விலை, கொண்டுபோன மூட்டை என்று நான்கு நெடுவரிசைகள். விலை குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் இருக்கிறது.

எண்களை வாசித்துக் காட்டினால் கூட்டத்தில் யார் மனத்திலும் நிற்பதில்லை. விரலிக்கும் கிழங்குக்கும் உள்ள விலை வித்தியாசம் கூடி வருகிறதா, குறைந்து வருகிறதா என்பதைப் படமாகக் காட்டலாம் என்று நினைத்து, பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் பகுதியில் முதலில் தெரிந்த பட்டை வரைபடத்தைச் சொடுக்கினேன். வந்த படத்தில் ஆண்டும் ஒரு பட்டையாக இரண்டாயிரம் உயரத்துக்கு நிற்கிறது. கீழே ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் 1, 2, 3 என்று வருகிறது. மூட்டை எண்ணிக்கை சில நூறுகள்தான் என்பதால் அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது? வரைபடம் போடக் கற்கிறவர்கள் எந்த வகையிலிருந்து தொடங்க வேண்டும்? என்னைப் போலப் பள்ளிப் படிப்போடு நின்ற பெண்கள் குழுவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நான் கற்றுக்கொண்டு அவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும்.

ஈரோடு கணினிப் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம் அக்கா. உங்களுக்கு வந்திருப்பது, விரிதாளில் முதல் வரைபடம் போடும் ஏறத்தாழ எல்லோருக்கும் வருகிற சிக்கல்தான். வகுப்பில் மாணவர்கள் எடுத்த எடுப்பில் வரைபட வகைகளைத்தான் கேட்கிறார்கள்; நான் முதல் நாள் அட்டவணையை மட்டுமே நடத்துவேன். ஏனென்றால், அட்டவணை எப்படி அமைந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் மென்பொருள் எதைப் பெயராக எடுத்துக்கொள்வது, எதை அளவாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறது.

இடப்பக்க நெடுவரிசையில் எழுத்தோ தேதியோ இருந்தால், அதைக் கிடை அச்சுக்கு உரிய பெயர் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். 2019, 2020 என்று வெறும் எண்ணாக இருந்தால், அதுவும் விலையைப் போன்ற ஓர் அளவுதான் என்று நினைத்துப் பட்டையாக வரைந்துவிடும். இதற்கு மிக எளிய வழி, ‘ஆண்டு’ என்று எழுதியிருக்கும் அந்த இடது மேல்மூலைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து வரைவது. மூலைக் கட்டம் காலியாக இருந்தால், முதல் நெடுவரிசையும் முதல் வரிசையும் பெயர்கள் என்று எக்செல் புரிந்துகொள்ளும். தலைப்பை அழிக்க மனமில்லை என்றால், படம் வந்த பிறகு அதன்மேல் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி, செலக்ட் டேட்டாவில் இடப்பக்கப் பட்டியலிலிருந்து ‘ஆண்டு’ என்பதை நீக்கிவிட்டு, வலப்பக்கம் உள்ள எடிட் பொத்தானை அழுத்தி ஆண்டுகள் இருக்கும் கட்டங்களைக் காட்டுங்கள்.

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வரைபடம் போடும்போது நான்கு படிகள் வரிசையாக வரும். இரண்டாவது படியில் முதல் நெடுவரிசையைப் பெயராக எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெட்டியில் குறியிட்டால் போதும். கூகுள் ஷீட்ஸில் வலப்பக்கம் திறக்கும் சார்ட் எடிட்டரின் செட்டப் பகுதியில் இதே தேர்வு இருக்கிறது. ஆக, மூன்றில் எதில் கற்றாலும் கற்ற வேலை வீணாகாது.

அடுத்தது, பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கேள்வி விரலி விலையையும் கிழங்கு விலையையும் பற்றியது. மூட்டை அந்தக் கேள்விக்கு வேண்டியதில்லை. முதல் மூன்று நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வேண்டியவை அடுத்தடுத்து இல்லாவிட்டால், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலின் அடியில் ‘மொத்தம்’ என்றோ ‘சராசரி’ என்றோ ஒரு வரிசை இருந்தால் அதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். மொத்தம் உள்ளே வந்தால் அது ஒன்றே வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மற்றவை எல்லாம் குட்டையாகிவிடும்.

பிறகு பட்டைக்குப் பதில் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதைக் காட்ட வேண்டுமானால் கோடுதான் பொருத்தம். இரண்டு கோடுகளும் விலகிப் போகின்றனவா, நெருங்கி வருகின்றனவா என்பதைக் கண் தானாகவே பார்த்துக்கொள்ளும். வித்தியாசம் ஒன்றுதான் கேள்வி என்றால், புதிதாக ஒரு நெடுவரிசையில் விரலி விலையிலிருந்து கிழங்கு விலையைக் கழித்து, அதை மட்டும் தனி வரைபடமாகப் போடுங்கள். அது இன்னும் தெளிவாகப் பேசும்.

கவுந்தப்பாடி மஞ்சள்காடு எழுதியது:

மிக்க நன்றி தம்பி. மூலைக் கட்டத்தைக் காலி செய்தவுடன் ஆண்டுகள் கீழே போய் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. வித்தியாசத்தைத் தனியாகப் போட்டதும் பயனுள்ளதாக இருந்தது.

ஆனால், இரண்டாவது தாளில் இந்தப் பருவத்தின் ஏல நாள் வாரியான விலை இருக்கிறது. அதைக் கோட்டு வரைபடமாகப் போட்டால் நடுநடுவே விலை திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து மறுபடி எழுகிறது. தேதிகளும் வரிசை மாறி வருகின்றன. சில கட்டங்களில் ‘12,500/-’ என்றும், ஏலம் நடக்காத நாளில் ஒரு சிறு கோடும் போட்டிருக்கிறோம். இதனால்தான் அப்படி ஆகிறதா?

திருப்பூர் ஏற்றுமதிக் கணக்கர் எழுதியது:

ஆம் அம்மா, அதனால்தான். நம் ஊர்க் கணக்கு நோட்டிலும் பில்லிலும் தொகைக்குப் பின்னால் ‘/-’ போடுவது நல்ல பழக்கம்; யாரும் பின்னால் எண்ணைச் சேர்க்க முடியாது. விரிதாளில் அதே குறி தொகையை எழுத்தாக மாற்றிவிடுகிறது. எழுத்தாக இருக்கும் கட்டத்தை எக்செல் வரைபடத்தில் பூச்சியம் என்றே வரையும். ‘ரூ.12500’, ‘45 மூட்டை’ என்று எழுதினாலும் இதே கதிதான். ரூபாய் என்பதையும் மூட்டை என்பதையும் தலைப்பில் மட்டும் எழுதிவிட்டு, கட்டங்களில் வெறும் எண்ணை மட்டும் இடுங்கள்.

எழுத்தா எண்ணா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எண்ணாக இருந்தால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக இருந்தால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். யாராவது நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்த அடையாளம் உதவாது. அப்போது அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துத் திரையின் அடிப்பட்டையைப் பாருங்கள். கூட்டுத்தொகை வராமல் எத்தனை கட்டங்கள் என்ற எண்ணிக்கை மட்டும் வந்தால், உள்ளே இருப்பவை எல்லாம் எழுத்துகள். கன்ட்ரோல், எச் விசைகளை அழுத்தி, தேடும் பெட்டியில் ‘/-’ என்று கொடுத்து, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு ரிப்ளேஸ் ஆல் கொடுத்தால், ஒரே வீச்சில் எல்லாம் எண்ணாகிவிடும்.

ஏலம் நடக்காத நாளில் கோடும் வேண்டாம், பூச்சியமும் வேண்டாம், ‘விடுமுறை’ என்ற சொல்லும் வேண்டாம். கட்டத்தைக் காலியாக விடுங்கள். அன்று விலை பூச்சியம் அல்ல, விலையே கிடையாது. இரண்டும் வேறு. காலியான கட்டத்தை எப்படி வரைய வேண்டும் என்பதை, செலக்ட் டேட்டாவுக்குள் ஹிட்டன் அண்ட் எம்ப்ட்டி செல்ஸ் என்ற பொத்தானில் சொல்லலாம்: இடைவெளி விடலாம் அல்லது முன்பின் புள்ளிகளை இணைத்துக் கோடு போடலாம். விலையைக் கொண்டுவரும் சூத்திரம் எதையாவது எழுதியிருந்து, அது வெறுமையைத் தருவதாக அமைத்திருந்தால், பார்ப்பதற்குக் காலியாகத் தெரிந்தாலும் எக்செல் அதையும் எழுத்து என்றே கொள்ளும். அங்கே வெறுமைக்குப் பதிலாக, ‘மதிப்பு இல்லை’ என்று குறிக்கும் என்.ஏ. ஃபங்ஷனை, அதாவது NA() என்பதைப் பயன்படுத்துங்கள்.

தேதி வரிசை மாறுவதற்குக் காரணம், உங்கள் கணினி அமெரிக்க முறையில், அதாவது மாதத்தை முதலில் வைத்து, அமைக்கப்பட்டிருப்பது. 05-02-2024 என்று நீங்கள் பிப்ரவரி 5 என நினைத்து எழுதினால், அது மே 2 என்று எடுத்துக்கொள்ளும். 13-02-2024 என்று எழுதினால் 13ஆவது மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதியும் பாதி எழுத்தும் கலந்துவிடுவது இப்படித்தான். விண்டோஸில் ரீஜனல் ஃபார்மட் எனப்படும் பகுதி அமைப்பை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தேதிகளை மறுபடி இடுங்கள். அமைப்பை மாற்றுவதால் ஏற்கெனவே தவறாக ஏறிய தேதிகள் தாமாகத் திருந்தாது. கூகுள் ஷீட்ஸில் பைல் பட்டியலில் செட்டிங்ஸ் சென்று லொகேல் என்பதை இந்தியா ஆக்கலாம்.

தொகைகள் பெரியவையாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எக்செல்லில் செங்குத்து அச்சின்மேல் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி ஃபார்மட் ஆக்சிஸ் திறந்தால், டிஸ்ப்ளே யூனிட்ஸ் என்ற இடத்தில் மில்லியனோடு 100000, 10000000 என்ற தேர்வுகளும் இருக்கின்றன. அவை நம் லட்சமும் கோடியும்தான். அதைத் தேர்ந்தெடுத்து, அச்சின் பக்கத்தில் வரும் குறிப்பை ‘லட்சம் ரூபாயில்’ என்று திருத்திவிட்டால், பூச்சியங்களை எண்ணிப் பார்க்கும் தொல்லை நீங்கும்.

சென்னிமலை கைத்தறி எழுதியது:

இழையின் நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் கடையில் பெட்ஷீட், துண்டு, தலையணை உறை, ஜமுக்காளம் என்று பத்துக்கு மேற்பட்ட சரக்குகள் இருக்கின்றன. எது எவ்வளவு விற்கிறது என்று காட்ட வட்ட வரைபடம் போட்டேன். துண்டு துண்டாக வண்ணம் மட்டும் தெரிகிறதே தவிர, எது பெரியது என்று சொல்ல முடியவில்லை.

கோவை புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

வட்ட வரைபடத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எல்லாப் பங்குகளும் சேர்ந்து ஒரு முழுமை ஆக வேண்டும். பங்குகள் நான்கைந்துக்கு மேல் போகக் கூடாது. உங்களுடைய பட்டியல் முதல் நிபந்தனைக்கு உட்படுகிறது, இரண்டாவதற்கு உட்படவில்லை. நீளங்களை ஒப்பிடுவதில் நம் கண் தேர்ந்தது. கோணங்களை ஒப்பிடுவதில் அவ்வளவு தேர்ந்ததன்று. 14 விழுக்காட்டையும் 16 விழுக்காட்டையும் வட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலானோரால் பிரித்தறிய முடியாது. பட்டையில் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, முதலில் பட்டியலை விற்பனை அளவின்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். பிறகு படுக்கை வாட்டத்தில் உள்ள பட்டை வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் பெயர்கள் நீளமாக இருக்கும். நிமிர்ந்த பட்டைகளில் அவை சாய்ந்தும் நெருக்கியும் வந்து வாசிக்க முடியாமல் போகும். படுக்கைப் பட்டையில் பெயர்கள் இடப்பக்கம் நேராக வரும். எக்செல் இதில் முதல் வரிசையை அடியிலும் கடைசி வரிசையை மேலேயும் வைக்கும். தலைகீழாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அச்சின் அமைப்பில் கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர் என்பதில் குறியிட்டால் நேராகிவிடும். முப்பரிமாணப் படங்களை யாரும் தொடவே வேண்டாம். முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரிந்து, எண்ணுக்கும் படத்துக்கும் உறவே அறுந்துபோகிறது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கோடு எங்கே, பட்டை எங்கே என்ற கேள்விக்கு இவ்வகைப் படங்களின் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786இல் வெளியிட்ட நூலில், நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியை ஆண்டு வாரியாகக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஓர் ஆண்டுக் கணக்குதான் இருந்தது. ஒரே ஆண்டைக் கோடாக இழுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு நாட்டுடனும் நடந்த வணிகத்தைப் பட்டைகளாக வரைந்தார். காலம் ஓடினால் கோடு, ஒரே காலத்தில் பலவற்றை ஒப்பிட்டால் பட்டை என்ற பிரிவினை அன்றைக்கே அமைந்துவிட்டது. வட்ட வரைபடத்தையும் அவரே 1801இல் வெளியிட்டார்.

கணபதி பம்ப் பட்டறை எழுதியது:

கோட்டு வரைபடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் பம்பைச் சோதிக்கும்போது, எத்தனை மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று குறித்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, நீரளவு 0, 2, 5, 6, 6.5 என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கோட்டு வரைபடமாகப் போட்டால், 0க்கும் 2க்கும் இடையே எவ்வளவு தூரமோ அதே தூரத்தை 6க்கும் 6.5க்கும் இடையேயும் விட்டு வரைந்துவிடும். கோட்டு வரைபடத்துக்குக் கிடை அச்சில் இருப்பவை பெயர்கள்தாம். அவற்றின் மதிப்பு அதற்குத் தெரியாது. கடைசியில் உயரம் சட்டென்று சரிந்து விழுவது மறைந்து, வளைவு மெல்ல இறங்குவதைப் போலக் காட்டும். அதை நம்பி ஒருவர் தம் கிணற்று ஆழத்துக்கு மோட்டார் வாங்கினால் தண்ணீர் மேலே வராது.

இரு பக்கமும் அளவுகளாக இருந்தால், எக்ஸ் ஒய் ஸ்கேட்டர் என்னும் சிதறல் வரைபடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் வகையும் அதிலேயே உண்டு. தேதிகளுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது: கட்டங்களில் உண்மையான தேதி இருந்தால், கோட்டு வரைபடத்திலும் எக்செல் நாள் இடைவெளியைக் கணக்கில் கொள்ளும். தேதி எழுத்தாக இருந்தால் கொள்ளாது. மேலே திருப்பூர் அண்ணா சொன்னது இதனாலும் முக்கியம்.

கீழ்பவானிப் பாசனம் எழுதியது:

நான் பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தியிலிருந்து எடுத்து எழுதி வருகிறேன். செங்குத்து அச்சு பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் படம் பொய் சொல்லும் என்று ஒருவர் கூறினார். அப்படிப் போட்டால் 97 அடியிலிருந்து 99 அடிக்கு ஏறியது கண்ணுக்கே தெரியவில்லை. கோடு தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. இந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

கோவை புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

பட்டைக்குப் பொருந்தும்; கோட்டுக்குக் கட்டாயமில்லை. பட்டையில் நாம் பார்ப்பது நீளத்தை. 9,500 ரூபாயும் 9,900 ரூபாயும் நான்கு விழுக்காட்டு வித்தியாசந்தான். அச்சை 9,300இல் தொடங்கினால், ஒரு பட்டை 200 உயரமும் மற்றது 600 உயரமுமாக, மூன்று மடங்கு வித்தியாசம் போலத் தோன்றும். எண்கள் நெருக்கமாக இருக்கும்போது எக்செல் தானாகவே இப்படித் தொடங்கிவிடும்; ஆகவே பட்டை வரைபடம் போட்டவுடன் அச்சின் அடியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வேறு எண் இருந்தால் ஃபார்மட் ஆக்சிஸில் மினிமம் என்ற இடத்தில் 0 இடுங்கள். கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. எனவே 90 அடியிலிருந்து அணையின் முழுக் கொள்ளளவு மட்டமான 105 அடி வரை அச்சை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அந்த 105 அடியை ஒரு தனிக் கோடாகவும் போட்டுவிடுங்கள். நிரம்ப இன்னும் எவ்வளவு என்பது தெரியும்.

உங்கள் கேள்வி ‘மட்டம் ஏறுகிறதா’ என்பதா, ‘பாசனத்துக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது’ என்பதா என்பதையும் யோசியுங்கள். 105 அடியில் 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்றால், அதில் பாதி அடியில் பாதித் தண்ணீர் இருக்காது. அணை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். இரண்டாவது கேள்விக்கு அடிக் கணக்கை விட்டுவிட்டு, டி.எம்.சி. கணக்கைப் பூச்சியத்திலிருந்து வரைவதே நேர்மையானது.

ஈரோடு கணினிப் பயிற்றுநர் எழுதியது:

மஞ்சள்காடு அக்காவின் மூட்டைக் கணக்கை நாம் விட்டுவிட்டோம். விலையும் வரத்தும் சேர்ந்து தெரிய வேண்டுமானால், காம்போ வகையில் மூட்டையைப் பட்டையாகவும் விலையைக் கோடாகவும் வைத்து, விலைக்கு வலப்பக்கம் செகண்டரி ஆக்சிஸ், அதாவது இரண்டாவது செங்குத்து அச்சு, கொடுக்கலாம்.

கோவை புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

கொடுக்கலாம், ஆனால் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு அச்சுகளின் அளவுகோலை நாமே மாற்ற முடியும் என்பதால், கோடு பட்டையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதையும் நாமே தீர்மானித்துவிட முடியும். பார்க்கிறவர்களோ அந்த வெட்டும் இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைப்பார்கள். கீழே ஒரே ஆண்டு வரிசையை வைத்து, மேலே விலைக்கு ஒன்று, அடியில் வரத்துக்கு ஒன்று என்று இரண்டு சிறு படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். எந்த ஆண்டில் வரத்து கூடியது, அந்த ஆண்டில் விலை என்ன ஆனது என்று விரலை மேலும் கீழும் நகர்த்தியே காட்டலாம்.

கவுந்தப்பாடி மஞ்சள்காடு எழுதியது:

இரண்டு படங்களாகப் போட்டதில் எனக்கே தெளிவு வந்தது. டீச்சர் சொன்னதைப் பின்பற்றுகிறேன். இனி இரண்டு சந்தேகங்கள் மட்டும். எங்கள் பழைய கோப்பில் தமிழ்த் தலைப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தாளில் சரியாகத் தெரிபவை வரைபடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகின்றன. மேலும், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் விரலிக் கோடும் கிழங்குக் கோடும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன.

திருப்பூர் ஏற்றுமதிக் கணக்கர் எழுதியது:

பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளே பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. வரைபடம் தன் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்துவதால் போர்வை விலகிவிடுகிறது. வரைபடத்துக்கும் பாமினியைத் தேர்ந்தெடுத்துத் தற்காலிகமாகச் சரிசெய்யலாம்; ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கைபேசிக்கு அனுப்பினால் மறுபடி பழைய கதைதான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுவிட்டது. தலைப்புகள் பத்துப் பதினைந்துதானே இருக்கும். ஒருமுறை யூனிகோடில் தட்டெழுதிவிடுங்கள்.

ஜெராக்ஸுக்கு வண்ணத்தை நம்ப வேண்டாம். விரலிக்கு முழுக்கோடும் கிழங்குக்கு விட்டு விட்டு வரும் கோடும் வையுங்கள். மூலையில் இருக்கும் வண்ணக் குறிப்புப் பெட்டியை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோட்டின் கடைசிப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா லேபிள் கொடுத்து, அதில் சீரீஸ் நேம் என்பதைக் குறியிட்டால், கோட்டின் நுனியிலேயே ‘விரலி’, ‘கிழங்கு’ என்று பெயர் நிற்கும். அடுத்த பருவத்தின் விலையைச் சேர்ப்பதற்கு முன், பட்டியலைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல், டி விசைகளை அழுத்தி டேபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். டேபிளானதும் மூலைக் கட்டத்தில் எக்செல் தானாகவே ஒரு தலைப்பை இட்டுவிடும். ஏற்கெனவே வரைந்த படத்தை அது பாதிக்காது. அதன்பின் அடியில் ஒரு வரிசை எழுதினால் வரைபடமும் தானாக நீளும். ஆண்டுதோறும் புதிதாக வரைய வேண்டியதில்லை.